நாற்காலிக்கு எத்தனை கால்?

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. ஆனா ஹாஸ்டல் சாம்பார் மட்டும் வேண்டாம், அதுவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்று மலர்க் குழு நண்பன் போனில் சொன்னான். சாம்பாரை விட்டால், கல்லூரியைப் பற்றி எழுத என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ட்ராயிங் ஹால் ஸ்டூல்!

நினைவிருக்கிறதா நண்பர்களே? முதலாண்டு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கண்ணைச் சொருகும் தூக்கம். மினி டிராஃப்டரை நிறுத்தி, பென்சிலைக் கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுக்கும்போது ஸ்டூல் 'டக்' என்று ஒரு பக்கம் சாயும். நாலு காலில் ஒரு கால் எப்போதும் தரையைத் தொடாது. ரெக்கார்ட் நோட்டு அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த கால் ஆட ஆரம்பிக்கும். நாலு வருஷப் படிப்பில் நான் உருப்படியாகச் செய்த முதல் டிசைன் மாற்றம் அந்த அட்டைதான்!

அந்த ஸ்டூல் மேல் இருந்த கோபம், வேலைக்குப் போன பிறகு வேறு மாதிரி திரும்பிவிட்டது. கடந்த நூற்றாண்டில் நாற்காலி எப்படியெல்லாம் மாறியது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 'பொறியாளருக்கு நாற்காலியில் என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். பாலத்தின் மேல் போகிற லாரிக்காவது ஓர் ஒழுங்கு உண்டு. நாற்காலி மேல் ஏறுகிற மனிதன் உட்காருவான், சாய்வான், பின்னங்கால் இரண்டில் நிறுத்தி ஆடுவான், மேலே ஏறி நின்று ஒட்டடையும் அடிப்பான். இத்தனையையும் தாங்க வேண்டும், ஒரு கையால் தூக்கவும் வர வேண்டும். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களெல்லாம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

நம் மொழியில் அதன் பெயரிலேயே நாலு கால் இருக்கிறது. நாற்காலி! ஆனால் சரித்திரத்தைப் பார்த்தால் அந்த நாலு மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் ஒன்றுமே இல்லாமலும் போயிருக்கிறது. ஒவ்வொரு கால் குறைந்தபோதும் மரம் கொடியாகவும், கிளையாகவும், பூவாகவும் உருவம் எடுத்தது. பார்க்கிறவர்கள் அதை 'அழகு' என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அழகுக்கு முன்னால் ஒரு பொருளியல் கணக்கு இருக்கும். நம்ம 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வாத்தியார் கரும்பலகையில் போட்ட அதே கணக்கு.

நாலு கால்: கொடி போல வளைந்த மரம்

1859-ல் மிக்கேல் தோனெட் என்ற மரவேலைக்காரர் தம் நிறுவனத்தின் 14-ஆம் எண் நாற்காலியை வெளியிட்டார். நம்ம ஊர் பழைய ஓட்டல்களிலும் சினிமாக்களிலும் பார்த்த, வட்ட இருக்கையும் வளைந்த முதுகும் கொண்ட நாற்காலிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. மொத்தம் 6 மரத்துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட். அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1930 வாக்கில் ஐந்து கோடி விற்றிருந்ததாகக் கணக்கு.

பின்னங்கால் இரண்டும் முதுகும் ஒரே கம்பு. கொடி போல வளைந்து மேலே போய்க் கீழே இறங்கும். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார்கள். சும்மா வளைத்தால் என்ன ஆகும்? வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுங்கும். வெந்த மரம் அமுங்க நிறைய இடம் கொடுக்கும். நீளச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாது, வெளிப்பக்கம் பிளந்துவிடும். தோனெட் என்ன செய்தார் என்றால், வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு வளைத்தார். இழுவிசையை இரும்பு வாங்கிக்கொண்டது, மரம் முழுக்க அமுக்கத்துக்குள் வந்துவிட்டது. நடு அச்சு என்று நாம் படித்தோமே, அதை மரத்துக்கு வெளியே இரும்புப் பட்டைக்குத் தள்ளிவிட்டார்! அந்தக் கொடி வடிவத்தின் ரகசியம் இதுதான்.

மூன்று கால்: கிளை

அடுத்தவர் பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ. பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை ஒன்றைக் கட்டினார். 1933-ல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. வெயில், காற்று, ஓய்வு, இவைதான் வைத்தியம். நோயாளி மணிக்கணக்கில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது ஐரோப்பா முழுக்க இரும்புக் குழாய் நாற்காலிதான் நாகரிகம். ஆனால் பின்லாந்துக் குளிரில் இரும்பில் கை வைத்தால் சில்லிட்டுப் போகும். எனவே ஆல்ட்டோ அந்த ஊர் பிர்ச் மரத்தை எடுத்துக்கொண்டார். மெல்லிய தகடுகளை ஒட்டி வளைத்து, சுருட்டிய காகிதம் போல ஓர் இருக்கை செய்தார். சாய்வின் கோணம்கூட நோயாளி சுலபமாக மூச்சு விட வேண்டும் என்பதற்காக வைத்தது.

நம்ம ஸ்டூல் பிரச்சினைக்கும் அவர்தான் பதில் சொன்னார். 1933-ல் வந்த அவருடைய 60-ஆம் எண் ஸ்டூலுக்கு மூன்றே கால்! மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும். ஆகவே தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கால் ஸ்டூல் ஆடாது. ஆறாம் வகுப்பு ஜியாமெட்ரி! இந்த அறிவு நம்ம ட்ராயிங் ஹாலுக்கு மட்டும் கடைசி வரை வந்து சேரவில்லை.

அந்தக் காலை அவர் வளைத்த விதமும் பார்க்க வேண்டியது. கனமான ஒரு பிர்ச் கட்டையின் ஒரு முனையில் மட்டும், மர நார் போகும் திசையிலேயே, ரம்பத்தால் பல கீறல்கள் போட்டார். கீறல்களுக்குள் பசை தடவிய மெல்லிய தகடுகளைச் செருகி, 90 டிகிரி வளைத்தார். கீழே கெட்டியான கட்டை, மேலே வளைந்த கிளை. தனியாக மூட்டு கிடையாது. மரமே மூட்டாகிவிட்டது.

ஒரு கால், பிறகு பூஜ்யம்

யுத்தகாலம் வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி தங்கள் குடியிருப்பிலேயே ஓர் அச்சு இயந்திரத்தைச் செய்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து ப்ளைவுட்டை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வைத்த போட்டியில் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும் சேர்ந்து பரிசு வாங்கியிருந்தார்கள். ஆனால் வரைந்த நாற்காலியைச் செய்யப் போனால் ப்ளைவுட் வெடித்தது! காகிதத்தை ஒரு பக்கம் சுருட்டலாம். அதே காகிதத்தைக் கிண்ணம் போல இரண்டு பக்கமும் வளைக்கப் பாருங்கள், கசங்கும் அல்லது கிழியும். ப்ளைவுட்டும் அப்படித்தான். வெடிப்பு தெரியாமலிருக்க மேலே மெத்தை வைத்துத் தைத்தார்கள்.

பாடம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படைக்காக, கால் முறிந்த வீரர்களுக்குக் கட்டும் ப்ளைவுட் அணை ஒன்றை ஈம்ஸ் தம்பதி செய்தார்கள். காலின் வளைவுகளுக்கு ஏற்ப இரண்டு பக்கமும் வளைய வேண்டிய பொருள். வெடிக்கும் இடங்களில் முன்கூட்டியே துளையும் கீறலும் வைத்துவிட்டார்கள். அழுத்தம் அங்கே தீர்ந்துபோனது. இப்படி சுமார் 1,50,000 அணைகள் போயின. போர் முடிந்ததும் அதே கையால் அவர்கள் செய்த ப்ளைவுட் நாற்காலிகளில் முதுகும் இருக்கையும் தனித்தனியாக, இரண்டு இலைகள் போல நின்றன. வெடிப்போடு சண்டை போடாமல், வெடிப்புக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாரினென் வேறு வழி போனார். மேஜை நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரே கால் கூட்டமாக, நெரிசல் பிடித்த சேரி மாதிரி இருக்கிறது என்று அவருக்கு எரிச்சல். 1950-களின் நடுவில் வரைந்து 1957-ல் வெளிவந்த அவருடைய 'டூலிப்' நாற்காலிக்கு ஒரே கால். பூத்தண்டு மேலே எழும்பி இதழாக விரிகிற மாதிரி. பார்க்க ஒரே பொருள். ஆனால் உண்மையில் மேலே ஃபைபர்கிளாஸ், கீழே வார்த்த அலுமினியம், இரண்டுக்கும் ஒரே நிறத்தில் பெயிண்ட். ஒரே பொருளில் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அன்றைய பிளாஸ்டிக்குக்கு அந்தத் தண்டைத் தாங்கும் பலம் இல்லை. 1961-ல் அவர் காலமானார். 1967-ல் டென்மார்க்கின் வெர்னர் பான்டன் முழுக்க பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக ஒரு நாற்காலி கொண்டுவந்தார். 'எஸ்' எழுத்து போல வளைந்த அதற்குக் காலே கிடையாது. பூஜ்யம்!

கணக்கு வாத்தியார் மாதிரி கவனித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது கையைத் தூக்குவீர்கள். நாலு, மூன்று, ஒன்று, பூஜ்யம்... இரண்டு எங்கே? அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். அந்த ஆள் பாண்டிச்சேரி வழியாக வந்தவர்.

இரண்டு கால்: சுந்தரானந்தர்

ஜார்ஜ் நகாஷிமா 1905-ல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதலில் காட்டியல் படிக்கப் போய், பிறகு கட்டடக்கலைக்கு மாறி, எம்.ஐ.டி.யில் மேற்படிப்பு முடித்தார். காரை விற்றுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பிய அவர் 1934-ல் தோக்கியோவில், ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த நேரத்தில் ரேமண்டுக்குப் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. ஆசிரமவாசிகளுக்கு ஒரு தங்கும் விடுதி. அதற்குப் பொறுப்பாளராக நகாஷிமா பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார்.

கட்டடத்தின் பெயர் கோல்கொண்டே. ஹைதராபாத் நிஜாமின் நன்கொடையில் தொடங்கியதால் கோல்கொண்டாவின் பெயர். 1937-ல் வேலை ஆரம்பித்தது. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டை அந்தத் தரத்தில் ஊற்றிய முதல் கட்டடங்களில் ஒன்று. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள், அதாவது கான்கிரீட்டை அதற்கு முன் கையால் தொடாதவர்கள்! ஜன்னலில் கண்ணாடி கிடையாது. முகப்பு முழுக்கத் திறந்து மூடும் பட்டைகள். அறைக்கதவு காற்றுப் போகும் தேக்குச் சட்டங்கள். கீழே கடப்பா கல். பாண்டிச்சேரி புழுக்கத்தில் மின்விசிறியை நம்பாமல் காற்று ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்தத் தெருவில் நின்று பல தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். போன வருஷம் கட்டியது என்று சொன்னால் நம்புவீர்கள்.

அந்த அறைகளுக்காக நகாஷிமா செய்ததுதான் அவருடைய முதல் மரச்சாமான்கள். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசிகளில் ஒருவராகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தர். அழகில் ஆனந்தம் காண்பவர் என்று பொருள். 1939-ல் அங்கிருந்து கிளம்பினார்.

அடுத்து நடந்தது கசப்பானது. அமெரிக்கா திரும்பி, கல்யாணம் செய்து, சியாட்டிலில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறு ஆண்டு, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் நகாஷிமா போய்ச் சேர்ந்த இடம் ஐடஹோ பாலைவனத்தில் மினிடோக்கா முகாம்.

அங்கேதான் கென்டாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். பாரம்பரிய ஜப்பானியத் தச்சுவேலை கற்றவர். எம்.ஐ.டி. பட்டதாரி அவரிடம் தொழில் பழகினார். உளியைத் தீட்டுவது, நார் திசை பார்ப்பது, ஆணி இல்லாமல் மூட்டு போடுவது. மரத்துக்கு எங்கே போவது? முகாம் கட்டியதில் மிஞ்சிய துண்டுகள், பாலைவனப் புதர்க்கட்டைகள், இவைதான் கையில் இருந்தன. கோணலாக இருந்தால் கோணலாகவே பயன்படுத்த வேண்டும், வேறு மரம் கிடையாது. 1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்று அவர்களை வெளியே எடுத்து, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரிலிருந்த தம் பண்ணைக்கு அழைத்துப் போனார். கட்டடக் கலைஞர் அங்கே கோழி மேய்த்தார்! பிறகு அந்தப் பக்கத்திலேயே பட்டறை போட்டார். 1990-ல் காலமாகும் வரை அந்த ஊர்தான்.

அவர் மேஜைகள் எப்படி இருக்கும்? மரத்தை நீளவாக்கில் அறுத்த முழுப் பலகை. ஓரத்தை இழைத்து நேராக்க மாட்டார். பட்டையை மட்டும் உரித்துவிட்டு, மரம் வளர்ந்த வளைவை அப்படியே விட்டுவிடுவார். கணு இருந்தால் இருக்கும். வெடிப்பு இருந்தால் அதுவும் இருக்கும். ஆனால் அதன் குறுக்கே, நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த ஒரு மரக்கட்டையைப் பதித்துவிடுவார். அமெரிக்கர்கள் அதை வண்ணத்துப்பூச்சி என்பார்கள். நம்ம ஊர்க் கண்ணுக்கு அது உடுக்கை.

1960-ல் வந்த அவருடைய 'கோனாய்டு' நாற்காலிக்குத்தான் இரண்டே கால். தரையில் இரண்டு சறுக்குக் கட்டைகள், அவற்றிலிருந்து எழும்பும் இரண்டு கால்கள், இருக்கை முன்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். சுத்தமான கான்டிலீவர். அதுவும் மரத்தில்! முதன்முதலில் பார்க்கிறவருக்கு உட்காரவே பயம் வரும். தம் ஸ்டூடியோவுக்கு அவர் போட்ட மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரையின் வடிவத்திலிருந்து வந்த பெயர் அது. கோல்கொண்டேயில் கான்கிரீட் ஊற்றிய கை மறக்கவில்லை.

மற்றவர்கள் மரத்தை இயற்கை மாதிரி வளைத்தார்கள். இவர் இயற்கை வளைத்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. வீட்டில் ஒரு மேஜையைக் கெடுத்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீட்டுப் பூவரசு

ஊரில் எங்கள் வாசலில் ஒரு பூவரசு. நான் பிறந்த வருஷம் அப்பா நட்டது. ஆறு வருஷம் முன்பு தெரு அகலப்படுத்தியபோது போய்விட்டது. அப்பா எதிர்ப்பு சொல்லவில்லை. "மரத்தை மட்டும் நம்ம வீட்டிலேயே வச்சுக்கலாம்டா, ஒரு மேஜையா" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? என் வேலையே வார்ப்புகளில் விரிசல் பார்ப்பது. பிரேக் பாகத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். அதே கண்ணோடு சா மில்லுக்குப் போனேன். வளைந்த ஓரமெல்லாம் கழித்து, கணுவெல்லாம் ஒதுக்கி, ஸ்கேல் வைத்த மாதிரி நேர்ப் பலகை வேண்டும் என்றேன். வந்திருந்த வயதான ஆசாரி, "பச்சை மரம் தம்பி. நிழல்ல அடுக்கி வைங்க. ஆறட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு லீவு பத்து நாள்தான்! தையில் அறுத்த மரத்தை அந்த மாசமே மேஜையாக்கினேன். பலகைகளைச் சட்டத்தோடு அசையாமல் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கச் சொன்னதும் நான்தான்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாம். மேஜை நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. போனில் ஆசாரியைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அப்பாதான், "அவர் சொன்னதை நீ கேட்டியாடா?" என்றார்.

பிறகுதான் உட்கார்ந்து மரத்தைப் பற்றிப் படித்தேன். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அது சுருங்க ஆரம்பிக்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கமே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவது ஒரு பங்கு என்றால், வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது ஏறக்குறைய இரண்டு பங்கு. இப்போது ஓர் உருண்டைக் கட்டையை நினைத்துப் பாருங்கள். சுற்றளவு அதிகம் சுருங்குகிறது, ஆரம் குறைவாகச் சுருங்குகிறது. வட்டத்தின் கணக்கு பொய்யாகிவிடுகிறது. எங்கேயாவது பிளந்துதான் ஆக வேண்டும். அது மரத்தின் குற்றம் இல்லை, ஆசாரியின் குற்றமும் இல்லை. ஜியாமெட்ரி! சுருங்க வேண்டிய பலகையை நான் ஸ்க்ரூ போட்டுப் பிடித்து வைத்தேன், அது வெடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

நகாஷிமா செய்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அவர் வெடிப்பை ரசித்து விட்டுவைத்தார் என்றே நினைத்திருந்தேன். பாதிதான் சரி. பலகைகளை வருஷக்கணக்கில் ஆறப்போட்டு, வெடிக்க வேண்டியது வெடித்து முடிந்த பிறகுதான் கையில் எடுப்பார். உடுக்கைக் கட்டை அந்த வெடிப்பு மேலே ஓடாமல் பிடிக்கும் பூட்டு. ஈம்ஸ் தம்பதி துளை போட்டு ஒதுக்கிய இடமும், இவர் பூட்டுப் போட்ட இடமும் ஒரே பாடம்தான்.

இதற்காக என் தொழிற்சாலையில் சிவப்புப் பெயிண்டைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பிரேக்கில் விரிசல் என்றால் விரிசல்தான், ஓர் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். இது ஏன் வெடித்தது, எங்கே போய் நிற்கும்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒதுக்குவது சோம்பேறித்தனம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பூவரசு.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஆசாரியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, மரத்துக்கே கோபம் வருது, உங்களுக்கு வராதா?" என்று சிரித்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி, மரம் அசைய இடம் விட்டு மாட்டினார். நான் படம் வரைந்து காட்டிய உடுக்கைக் கட்டையைப் பார்த்து, "இதைத் தெரியுமே, கதவுக்குப் போட்டிருக்கேன்" என்றார். நகாஷிமாவுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது! மிச்சமிருந்த வைரக் கட்டையில் மூன்று வெட்டிப் பதித்தார். அப்பா தினம் அதன் மேல்தான் பேப்பர் விரித்துப் படிக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நகாஷிமா தம் கடைசி ஆண்டுகளில், ஒரு பெரிய வால்நட் மரத்தின் பலகைகளில் அமைதிக்கான மேஜை ஒன்று செய்தார். 1986 டிசம்பர் 31 அன்று அது நியூயார்க்கில் ஒரு தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒன்று என்பது அவர் கனவு. அவர் மறைந்த பின் மகள் மீரா அந்த வேலையைத் தொடர்ந்தார். அந்த வரிசையில் ஒரு மேஜை 1996-ல் ஆரோவில் வந்து சேர்ந்தது. பாண்டிச்சேரியில் தொடங்கிய கதை, பாண்டிச்சேரிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது நம்ம விஷயம். கேண்டீன் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரம் நினைவிருக்கிறதா? அரியர் எழுதியவர்கள் அழுததும், கேம்பஸில் வேலை கிடைத்தவர்கள் ட்ரீட் கொடுத்ததும் அதன் அடியில்தான். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அன்று அது சாய்ந்தது. துண்டு துண்டாக அறுத்து விறகுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். யாரையும் குறை சொல்லவில்லை, அந்த வாரத்தில் பாதை திறந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அதே வயது மரங்கள் வளாகத்தில் இன்னும் நிற்கின்றன. இன்னொரு புயல் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அடுத்த முறை ஒன்று சாய்ந்தால் விறகுக்கு விட வேண்டாம். நம்ம சங்கம் அதை வாங்கட்டும். நீளவாக்கில் முழுப் பலகையாக அறுத்து, பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டில் இடைக்கட்டை கொடுத்து அடுக்கி வைக்கலாம். ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நமக்கு என்ன அவசரம்? வருஷா வருஷம் கூடுகிறோம், வரும்போது ஈரம் அளந்துவிட்டுப் போவோம். ஆறியதும் நூலகத்துக்கு நீளமான மேஜைகள் செய்வோம். ஓரத்தை நேராக்க வேண்டாம். வெடிப்புக்கு உடுக்கை பதிப்போம். மேற்பார்வை, மில் கூலி, ஆசாரி கூலியில் என் பங்கு எல்லாவற்றுக்கும் நான் தயார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றுகூடல் அன்று மதியச் சாப்பாட்டில் என்னைப் பிடியுங்கள்.

மேஜைக்கு நாலு கால் போதும். ஸ்டூலுக்கு மட்டும், தயவுசெய்து, மூன்றே கால் வைப்போம்!

(இயந்திரவியல், 2008–2012)